புனிறு தீரும் காலம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். காலையில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில், சாந்த ரொசாலியாவின் குகைக்கோவிலுக்கு நடந்து ஏறி இறங்கிய கால்கள் இன்னும் உளைந்துகொண்டிருந்தன. இத்தாலியின் பலெர்மோவில் வாழும் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்கு அது பழகிய வழி. கத்தோலிக்கரும் ஏறுவார்கள், சைவரும் ஏறுவார்கள். 1624இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது அந்தக் குகையில் கண்டெடுத்த ரொசாலியாவின் எலும்புகள்தான் ஊரைக் காத்தன என்பது சிசிலிக்காரரின் நம்பிக்கை. பிள்ளைவரம் கேட்டு அங்கே நேர்த்தி வைத்த பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளை கிடைத்த பிறகு வருகிற ஒரு கதையை மட்டும் மலைவழியில் யாரும் எடுப்பதில்லை. அது குசினிக்குள் வந்த பிறகுதான் வாய் திறக்கும்.

அன்றும் அப்படித்தான். எட்டு மாதக் குழந்தை உள்ளறையில் நித்திரை. தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேட்டால் குறையா நினைக்க மாட்டீங்கள்தானே? எனக்கு அந்த விருப்பமே இல்லாமப் போச்சு. அவர் நல்ல மனுசன். ஆனா கிட்ட வந்தாலே உடம்பு கல்லாப் போகுது. என்னில ஏதோ பிழை போல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவளுடைய பெரியம்மாவின் மகள் திரும்பாமலே சொன்னாள்: "எனக்கும் உப்பிடித்தான். நாப்பத்தாறு வயசாச்சு, இனி என்னத்துக்கு எண்டு விட்டுட்டன்."

ஒருத்திக்கு 29 வயது. மற்றவளுக்கு 46. ஒருத்தி தன்னைப் பிழை என்கிறாள், மற்றவள் முடிந்தது என்கிறாள். மொழி தெரியாத பெண்களோடு ஆஸ்பத்திரிக்கும் மருந்தகத்துக்கும் துணையாகப் போய்வருகிறவள் நான். இந்த இரண்டு சொல்லையும் எத்தனையோ வாயால் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்களில் நச்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் பெருமளவில் சுரக்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடியும் விழுந்துவிட்டால் சில நாட்களுக்குள் இரண்டும் மளமளவென்று இறங்கும். தாய் பால் கொடுக்கத் தொடங்கும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்ற ஓமோனைக் கூட்டுகிறது. அதுதான் பாலை ஊற வைப்பது. அதே ஓமோன் சூலகத்தையும் அடக்கி வைக்கும். முட்டை வெளிப்படாது, மாதவிடாய் தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தே கிடக்கும். யோனியின் உட்சுவரோ ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழ்கிற தோல். அது குறைந்தால் அந்தத் தோல் மெலியும், ஈரம் சுரப்பது குறையும், உராய்ந்தால் எரியும்.

இதைச் சொன்னபோது 46 வயதுக்காரி கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "உதெல்லாம் எனக்கும் கிடக்கு" என்றாள்.

கிடக்கத்தான் செய்யும். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு மாதம் ஏறும், மறுமாதம் விழும். கடைசியில்தான் நிரந்தரமாகத் தாழும். பால் கொடுக்கும் தாய்க்கும் அவளுடைய மூத்தவளுக்கும் இடையில் 17 வருடம். இருந்தும் இருவர் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் தாழ்கிறது, இருவருக்கும் ஒரே வறட்சி, ஒரே எரிவு. இளையவளுக்குப் பால் கொடுப்பது குறைந்து மாதவிடாய் திரும்பும்போது பெரும்பாலும் அது சரியாகிவிடும். மூத்தவளுக்குத் தானாகத் திரும்பாது, ஆனால் நல்ல மருத்துவம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளை பெற்றதை அடுத்த காலத்துக்கென்றே தமிழில் ஒரு சொல் இருக்கிறது: புனிறு. ஈன்ற அண்மைக்காலம் என்று பொருள். புதிதாகக் கன்று போட்ட பசுவைப் புனிற்றா என்பார்கள். நற்றிணையின் 380ஆம் பாட்டில், பிள்ளை பெற்ற ஒரு வீட்டுப் பெண்ணின் உடுப்பில் நெய்யும் தாளிப்புப் புகையும் படிந்திருக்கின்றன, மகனை அணைத்த தோளில் பாலின் மணம் இருக்கிறது. இந்தக் கோலத்தில் இருக்கிற நாங்கள் அவனுக்குத் தகுந்தவர்கள் அல்லோம் என்று கணவன் அனுப்பிய தூதுக்கு வாசல் மறுக்கப்படுகிறது. அவன் வேறு பெண்ணிடம் போய்வந்த கோபம் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் அந்த நெய்க்கறையும் பால்மணமும் எனக்கு வெறும் சாட்டாகத் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளின் நாளும் பொழுதும் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழிப்பார்கள். அதுவரை சரக்கு அரைத்த பத்தியக் கறியும், இலை அவித்த சுடுதண்ணி வார்ப்பும், கூடவே படுக்கத் தாயும் உண்டு. துடக்கு என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை பெற்றவளில் தீட்டு என்று எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் மறைவில் அவளுக்கு ஓய்வு கிடைத்தது, அந்த நாட்களில் யாரும் அவளை நெருங்கவில்லை. இத்தாலிய வைத்தியர்கள் புவெர்பேரியோ என்று ஆறு கிழமையைச் சொல்கிறார்கள். 31 ஆனாலும் 42 ஆனாலும் அது கருப்பை சுருங்கிக் காயம் ஆறுகிற கணக்கு. விருப்பம் திரும்புவதற்கு அப்படி ஒரு நாட்கணக்கு இல்லை. ஆறு கிழமை முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகவேண்டும் என்று வீட்டில் எதிர்பார்ப்பதும், ஆகவில்லையே என்று அவள் தன்னைக் குற்றம் சொல்வதும் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

அடுத்தது விருப்பம் எப்படி வேலை செய்கிறது என்பது. இதைத்தான் அன்று நெடுநேரம் கதைத்தோம். முதலில் ஆசை வரும், பிறகு உடம்பு கிளரும், பிறகு உறவு நடக்கும் என்ற ஒரே வரிசையைத்தான் சினிமாவும் கதைகளும் எங்களுக்குக் காட்டியிருக்கின்றன. வன்கூவரைச் சேர்ந்த வைத்தியர் ரோஸ்மேரி பாசன், நீண்டநாள் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு இந்த வரிசை பொருந்துவதில்லை என்று 2000இல் எழுதினார். அவர் சொன்னபடி, பலருக்குத் தொடக்கத்தில் ஆசை என்று ஒன்றும் இருக்காது. மறுப்பும் இருக்காது. நெருக்கம் வேண்டும் என்ற எண்ணமோ அன்போ இருக்கும். இதமான தொடுகையும் நேரமும் கிடைத்தால் உடம்பு மெல்ல இளகும், ஆசை அதற்குப் பின்னால் வரும். பசித்துச் சாப்பிட உட்காருவது ஒரு விதம். பசியில்லாமல் உட்கார்ந்து, வாசம் பிடித்த பிறகு ருசி வருவது இன்னொரு விதம். இரண்டாவதும் இயல்பானதே.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். 'தொடங்கினால் தானாக வரும்' என்று ஒரு ஆண் இதைத் தன் வசதிக்குத் திருப்பக்கூடாது. வேண்டாம் என்று இருப்பவளை நெருக்கினால் அவளுடைய உடம்பு பயத்தைத்தான் பழகும். அவளுக்கு மனம் இருக்கவேண்டும், நோவு இருக்கக்கூடாது, எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்ற உறுதி இருக்கவேண்டும். இவை இருந்தால்தான் பாசன் சொன்னது நடக்கும்.

"எனக்கு வாசமும் பிடிக்குதில்லை, ருசியும் வருகுதில்லை" என்றாள் இளையவள்.

அப்படியென்றால் எங்கோ தடை அழுத்திக்கொண்டிருக்கிறது. கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பான்கிராஃப்ட்டும் எரிக் யான்சனும் இதை விளக்கினார்கள். வாகனத்தில் இருப்பதுபோல மூளையில் முடுக்கியும் இருக்கிறது, தடையும் இருக்கிறது. முடுக்கியை எவ்வளவு அமத்தினாலும் தடையில் இருந்து காலை எடுக்காவிட்டால் வாகனம் நகராது. வாசனைத் திரவியமும் புது உடுப்பும் முடுக்கி. எங்கள் பெண்கள் கேட்கவேண்டியது, என் தடையில் எது ஏறி நிற்கிறது என்று.

பலெர்மோவில் அதற்குத் தேடித் திரியத் தேவையில்லை. விடியத் தொடங்கி இரண்டு மூன்று வீடு துடைத்து, உடுப்பு மினுக்கி, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வயோதிபரைக் குளிப்பாட்டி, பின்னேரம் வந்து சமைக்கிற உடம்பு இது. தாயும் மாமியும் கடல் கடந்து இருக்கிறார்கள், 31 நாளும் கூடப் படுக்க யாருமில்லை. இருப்பது ஒரு அறை வீடு, பெரிய பிள்ளையும் அதே கட்டிலில். நித்திரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடைகிறது. பகல் முழுக்கக் குழந்தை மார்பிலும் தோளிலும் ஒட்டிக் கிடப்பதால், இரவில் இன்னொரு கை பட்டாலே 'என்னை விடுங்கோ' என்று தோல் சொல்கிறது. அதை வெறுப்பு என்று எண்ணவேண்டாம். நாள் முழுக்கத் தொடப்பட்ட உடம்புக்குக் கொஞ்சநேரம் தனியே இருக்கவேண்டும் போலிருக்கும். பல தாய்மார் இதைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அழுகிறார்கள்.

இன்னொரு பெரிய தடை மீண்டும் கர்ப்பம் தரித்துவிடுமோ என்ற பயம். பால் கொடுத்தால் தங்காது என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டுமே பகலும் இரவும் கொடுக்கிறாள், மாதவிடாய் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது நம்பத்தக்கது. எட்டு மாதத்துப் பிள்ளையின் தாய்க்கு வேறு முறை வேண்டும். மூத்தவளுக்கும் வேண்டும். 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் இரண்டு வருடமும், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடமும் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். அந்தப் பயம் தீர்ந்த வீட்டில் வேறு எதுவும் செய்யாமலே நெருக்கம் திரும்பியதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு நோவு. இதைக் கேட்கத் தயங்கினேன், ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

"நோகுதோ?"

அவள் தலையைக் குனிந்தாள். "தையல் போட்ட இடம். கத்தி வைக்கிற மாதிரி. சொன்னால் அவர் பயப்படுவார் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறனான்."

இந்த ஒரு இடத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. பல்லைக் கடிக்கக்கூடாது தங்கச்சி. நோவோடு நடக்கிற ஒவ்வொரு முறையும், அடுத்தமுறை இறுகிக்கொள் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. இறுகினால் இன்னும் நோகும். இந்தச் சுழியில்தான் பலருடைய விருப்பம் முழுதாகக் காணாமல் போகிறது. பிறகு 'எனக்கு ஆசையில்லை' என்று சொல்வார்கள். விசாரித்தால் அடியில் நோவு இருக்கும். தையல் தழும்பாக இருக்கலாம், வறட்சியாக இருக்கலாம், இடுப்படித் தசை இறுகியோ தளர்ந்தோ இருக்கலாம். சிசேரியன் செய்தவருக்கும் வரும். தென் இத்தாலியில் வடக்கைவிடச் சிசேரியன் கூட, அதனால் 'எனக்குக் கீழே காயமே இல்லையே, ஏன் எரியுது' என்று கேட்கிற பெண்கள் இங்கே நிறையப் பேர். காயம் வயிற்றில் இருந்தாலும் பால் கொடுக்கும் உடம்பின் வறட்சி ஒன்றுதான்.

இதற்குப் போகவேண்டிய இடம் கொன்சுல்தோரியோ ஃபமிலியாரே. 1975ஆம் ஆண்டின் 405ஆம் இலக்கச் சட்டத்தால் இத்தாலி முழுக்க ஏற்பட்ட குடும்பநல நிலையங்கள் இவை. மகப்பேற்று வைத்தியர், ஒஸ்தெத்ரிக்கா என்கிற மருத்துவிச்சி, உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். பொதுச் சேவை என்பதால் ஆலோசனைக்குக் காசு இல்லை. விசா இல்லாத பெண்ணும் பயப்படத் தேவையில்லை. தாய்மைக்கான மருத்துவத்தை அவளுக்கும் 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் உறுதி செய்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தவளைப் பொலிசுக்கு அறிவிப்பதையும் அது தடுக்கிறது. ஊரில் குடும்பநல மாது வீடு தேடி வந்து படலையைத் தட்டுவார். இங்கே நாங்கள்தான் போய்த் தட்டவேண்டும், அதில்தான் எங்கள் பெண்கள் நின்றுவிடுகிறார்கள்.

அங்கே இருக்கும் ஒஸ்தெத்ரிக்கா 'பவிமெந்தோ பெல்விக்கோ' என்று ஒன்றைப் பற்றிக் கேட்பார். இடுப்புக் கிண்ணத்தின் அடியில் கருப்பையையும் சலப்பையையும் தாங்கும் தசைத்தட்டு அது. அமெரிக்க வைத்தியர் ஆர்னல்ட் கெகல் 1948இல் அந்தத் தசைக்குப் பயிற்சி எழுதினார். சலத்தை அடக்குவதுபோல் இறுக்கி விடுவதுதான் பயிற்சி. இருமினால் சலம் கசிகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஏற்கனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் நோவு கூடும். அவர்களுக்குத் தளர்த்தப் பழக்கவேண்டும். அதனால் வீடியோ பார்த்துத் தொடங்காமல் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்வது நல்லது.

அதுவரைக்கும் பச்சைச் சிலுவை போட்ட எந்த மருந்தகத்திலும் 'லுப்ரிஃபிகாந்தே' என்று கேட்டால் வழுக்கும் களி கிடைக்கும். உறவின்போது அது. ஹயலுரோனிக் அமிலம் சேர்ந்த ஈரமூட்டி வேறு, அதைக் கிழமைக்குச் சிலமுறை வைக்கலாம். பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். எங்கள் வீடுகளில் உடனே தேங்காயெண்ணெயை எடுப்பார்கள். ஆணுறை போடுகிறவர்கள் அதைத் தொடக்கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ரப்பர் இளகிக் கிழியும்.

மெதிகோ தி பாசே, அதாவது குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனையும் கேட்கவேண்டும். பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனால் இரும்புச்சத்து வற்றும். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் நூறு பேரில் ஐந்து பேருக்குக் கிட்டத் தைரொயிட் சுரப்பி அழன்று குழம்பும். களைப்பு, முடி கொட்டுதல், மனம் மந்தமாதல் எல்லாவற்றையும் 'பிள்ளை வளர்க்கிற களைப்பு' என்று ஒதுக்கிவிட்டுப் பல மாதம் போய்விடுகிறது. குழந்தையைப் பார்த்தாலும் சந்தோசம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அதைச் சொல்லவேண்டும், அன்றைக்கே சொல்லவேண்டும். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்வித் தாள் ஒன்றை வைத்து, பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வைப் பார்க்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் விருப்பத்தைக் குறைக்கும். அப்படிப் பட்டால் வைத்தியரிடம் கேட்டு மாற்றலாம், தாமாக நிறுத்தக்கூடாது. போர்க்காலத்தில் பட்டது, சின்ன வயதில் யாரோ செய்தது என்று சொல்லாமல் வைத்திருக்கும் காயங்கள் இருந்தால், அதற்கும் அதே நிலையத்து உளவியலாளர் இருக்கிறார்.

மூத்தவள் இப்போது கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என்ர கதை?"

மாதவிடாய் நிற்கும் வயது ஐரோப்பாவில் சராசரியாக 51, இந்தியாவில் 46, 47. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே உடம்பு சூடேறி வியர்ப்பதும், விடிய மூன்று மணிக்கு நித்திரை முறிவதும், சும்மா சினம் வருவதும் தொடங்கும். நித்திரை இல்லாத பெண்ணிடம் விருப்பத்தைத் தேடினால் கிடைக்குமா? முதலில் நித்திரையைச் சரிசெய்ய வேண்டும். வறட்சிக்கு, யோனியில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்போ வில்லையோ இருக்கிறது. அது இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம், பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் வைத்தியரோடு ஆலோசித்தே எடுக்கவேண்டும். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஓமோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவிவிட்டது. அந்த ஆய்வு வாயால் விழுங்கும் கூட்டுக் குளிசையைப் பற்றியது, பங்கெடுத்தவர்களின் சராசரி வயது 63. உள்ளே வைக்கும் களிம்போடு அதைச் சேர்த்துக் குழப்பக்கூடாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பன்னிரண்டு மாதம் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் போகவேண்டும்.

"ஊரில அம்மாவுக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?" என்றாள் அவள். யாரும் சொல்லவில்லைத்தான். இலங்கையிலும் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயதுப் பெண்களைப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். ஊரில் தங்கச்சிமார் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

குளிசை இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2015இல் அமெரிக்கா பிளிபன்செரின் என்ற குளிசைக்கு அனுமதி கொடுத்தது. பலன் சிறிது, மயக்கமும் தலைச்சுற்றும் தரும், பால் கொடுப்பவர்களுக்கு ஆகாது. டெஸ்டோஸ்டிரோனை, மாதவிடாய் நின்ற பிறகு விருப்பக் குறைவால் துன்பப்படுகிறவர்களுக்கு மட்டும், வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கலாம் என்று 2019இல் உலக மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து சொல்லியிருக்கின்றன. லேகியம், பொடி என்று வட்ஸ்அப்பில் வருகிறவற்றுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

இந்த இடத்தில் மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு விருப்பமில்லாததில கவலையே இல்லாட்டி?"

அப்படியென்றால் அது நோயில்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கைநூல்கூட ஆறு மாதமாவது நீடித்து, அந்தப் பெண்ணுக்கே அது துன்பம் தந்தால்தான் அதைக் குறைபாடு என்கிறது. அவளுக்கே என்பதுதான் அதில் முக்கியம், கணவனுக்கு அல்ல. வேண்டாம் என்று இருப்பவள் வேண்டாம் என்றே இருக்கலாம். அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். "கவலை இருக்குத்தான்" என்றாள் பிறகு. "முந்தி நாங்கள் இரவில கதைச்சுக்கொண்டு கிடப்பம். அது போனதுதான் கவலை."

அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விருப்பம் குறைந்த வீடுகளில் முதலில் போவது உறவல்ல, தொடுகை. தோளில் கை வைத்தால் அதற்கு மேலே எதிர்பார்ப்பாரோ என்று அவள் விலகுவாள். விலகுகிறாளே என்று அவர் கை வைப்பதை நிறுத்துவார். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் தனித்தனியே கிடப்பார்கள். இதற்கு மருந்தகத்தில் ஒன்றும் இல்லை. வாய்விட்டுக் கதைக்கத்தான் வேண்டும். அதையும் கட்டிலில் வைத்துக் கதைக்கக்கூடாது, பகலில், நடந்துகொண்டு போகும்போது கதைக்கலாம். 'உங்களில வெறுப்பில்லை. எனக்கு நோகுது, களைக்குது. கொஞ்ச நாளைக்கு உறவு வேண்டாம், ஆனா கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுப்பம்' என்று சொன்னால் போதும். உறவு இல்லை என்று இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட இரவில்தான் பயமில்லாமல் தொடமுடிகிறது. பாலியல் சிகிச்சை செய்வோர் நெடுங்காலமாகச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். இரவில் ஒருமுறை குழந்தைக்கு எழும்புவதும், அடுப்படியைத் துடைத்து வைப்பதும் அவர் செய்யலாம். அதற்குக் கைம்மாறாக அவர் ஒன்றும் எதிர்பார்க்காவிட்டால், அவளுக்குத் தன் தடையில் இருந்து காலை எடுக்க ஒரு இரவாவது கிடைக்கும்.

குழந்தை சிணுங்கியது. இளையவள் போய்த் தூக்கிக்கொண்டு வந்து, முந்தானையை விலக்கிப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "போறன் அக்கா. ஆனா அங்க போய் என்னெண்டு சொல்லுறது? எனக்கு அந்தச் சொல்லுகள் தெரியாது."

மின்சார பில் ஒன்றின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'ஓ தொலோரே துராந்தே இ ரப்போர்தி' என்றால் உறவின்போது எனக்கு நோகிறது. 'ஸ்தோ அல்லத்தாந்தோ' என்றால் நான் பால் கொடுக்கிறேன். அதற்குக் கீழே, கேட்காமலே, மூத்தவளுக்காகவும் ஒன்று: 'ஓ செக்கெத்ஸா வஜினாலே', எனக்கு யோனி வறட்சி. மூத்தவள் வாங்கி, வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்குக் காலமை வேலையில்லை" என்றாள் தங்கையிடம். "நீ உள்ள போகேக்க நான் பிள்ளையை வைச்சிருக்கிறன். நீ வந்தாப் பிறகு நான் போறன்."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்து, கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.